பழத்தகடு: கூழ் காயும்போது உண்மையில் என்ன நடக்கிறது?

மலையகத்தில் கொய்யாவும் கொடித்தோடையும் சேர்ந்தாற்போல் பழுத்துக் கொட்டும் வாரங்களில், "கூழாக்கித் தட்டில் ஊற்றிக் காய வைத்தால் விற்கலாமே" என்று யாராவது ஒருவர் சொல்லாமல் இருப்பதில்லை. யோசனையில் பிழையில்லை. ஆனால் செய்து பார்ப்பவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நேர்கிறது: தகடு ஓரத்தில் அப்பளமாக நொறுங்கி நடுவில் பசையாக ஒட்டுகிறது, அல்லது நன்றாகக் காய்ந்ததுபோல் தோன்றி, போத்தலில் அடைத்த சில நாட்களில் வெண்ணிறப் பூஞ்சணம் பூத்துவிடுகிறது. உடனே வெயில் போதவில்லை என்கிறார்கள், சீனி குறைந்துவிட்டது என்கிறார்கள், மருந்து போடாததால்தான் என்கிறார்கள். மூன்றிலும் ஓரளவு உண்மை உண்டென்றாலும், மூன்றுக்கும் அடியில் இருக்கும் விடயம் பேசப்படுவதே இல்லை. பழத்தைக் காய வைப்பவர் அதிலுள்ள நீர் முழுவதையும் வெளியேற்றுவதில்லை. பெரும்பகுதியை அனுப்பிவிட்டு, எஞ்சியதை எதற்கும் உதவாதபடி கட்டிப்போடுகிறார். இந்தக் கட்டுரை அந்தக் கட்டிப்போடுதலைப் பற்றியது.

பழத்தகடு என்பது எது

பழுத்த பழத்தின் சதையைக் கூழாக்கி, சில மில்லிமீற்றர் தடிப்பில் பரப்பி, கையால் உரித்து எடுக்கக்கூடிய, மடித்தால் முறியாத ஒரு தாளாகும்வரை உலர்த்தினால் கிடைப்பதையே இங்கு பழத்தகடு என்கிறேன். கடைகளில் இது 'ஃப்ரூட் லெதர்' என்ற பெயரில் விற்கப்படுகிறது. நமக்கு இது புதிய பண்டமும் இல்லை. யாழ்ப்பாணத்தில் பனம்பழக் களியைப் பாயில் ஊற்றி, காயக் காய மேலும் மேலும் படை படையாக ஊற்றி எடுக்கும் பினாட்டு இதே இனத்தைச் சேர்ந்தது. ஆந்திராவில் ஆத்ரேயபுரத்து மாம்பழத் தாண்ட்ராவும் அவ்வாறே பாயில் படை படையாகக் காய வைக்கப்படுவதுதான்.

ஒரு கிலோ மாம்பழக் கூழை எடுத்துக்கொண்டால் அளவுகள் தெளிவாகும். அதில் நீர் ஏறத்தாழ 835 கிராம். மீதி 165 கிராம்தான் சீனி, நார், அமிலம் முதலான திண்மப் பொருள். முடிந்த தகட்டில் 15 சதவீதம் ஈரம் இருக்க விட்டால் அதன் நிறை 195 கிராம் அளவில் நிற்கும். அதாவது 800 கிராமுக்கு மேற்பட்ட நீர் கூழின் மேற்பரப்பு வழியாக ஆவியாகிப் போக வேண்டும். கூழை 4 மில்லிமீற்றர் தடிப்பில் பரப்பினால் இதற்கு அரை மீற்றருக்கு அரை மீற்றர் அளவான ஒரு தட்டு தேவைப்படும். அந்தத் தட்டிலிருந்து முக்கால் லீற்றருக்கும் கூடுதலான நீரை எது எடுத்துச் செல்கிறது என்பதே முதற்கேள்வி.

தொழிற்சாலையின் வாட்டுமாடி

தேயிலைத் தொழிற்சாலையோடு தொடர்புள்ள எவருக்கும் இதன் விடை பாதி தெரிந்ததே. பறித்து வந்த கொழுந்தை நேரே டிரையரில் போடுவதில்லை. வலை விரித்த நீண்ட தொட்டிகளில் பரப்பி, கீழிருந்து மின்விசிறியால் காற்றை ஊதி, பல மணி நேரம் வாட்டுகிறார்கள். வெயில் நாளில் வெளிக்காற்றே போதும்; மழை நாளில் சூடான காற்றைக் கலந்து ஊதுகிறார்கள். அந்த மாடியில் இரண்டு வெப்பமானிகள் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும். ஒன்றின் குமிழ் உலர்ந்தது. மற்றதன் குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும். இரண்டின் வாசிப்புகளுக்கும் இடையே வித்தியாசம் கூடுதலாக இருந்தால் காற்றுக்கு ஈரத்தை உறிஞ்சும் தாகம் உண்டு. வித்தியாசம் இல்லையென்றால் மின்விசிறி எவ்வளவு சுழன்றாலும் கொழுந்து வாடாது.

பழக்கூழுக்கும் இதுவே விதி. உலர்த்துவது சூடு மட்டும் என்று நினைப்பதுதான் இந்தத் துறையின் முதல் தவறான புரிதல். நீரை எடுத்துச் செல்வது காற்று. சூடு அந்தக் காற்றுக்குத் தாகத்தை உண்டாக்குகிறது, நீர் ஆவியாவதற்கான சக்தியையும் கொடுக்கிறது. காற்று நகராத இடத்தில் சூடு கூழை அவிக்கும், காய வைக்காது.

மூடுபனிக் காற்றின் கணக்கு

இங்கு ஒரு சொல்லை வரையறுக்க வேண்டும். ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய நீராவியின் உச்ச அளவில், இப்போது எத்தனை சதவீதம் அதில் இருக்கிறது என்பதே சாரீரப்பதன். நூறு சதவீதமென்றால் காற்று நிரம்பிவிட்டது. அதற்கு மேல் வரும் ஆவி பனியாகவோ துளியாகவோ ஆகிவிடும்.

காற்று தாங்கும் உச்ச அளவு வெப்பநிலையோடு மிக வேகமாக ஏறுகிறது. 16 பாகை செல்சியஸில், அதாவது நுவரெலியாவின் சாதாரண ஒரு நாளில், ஒரு கன மீற்றர் காற்று ஏறத்தாழ 14 கிராம் நீராவியைத்தான் தாங்கும். 60 பாகையில் அதே கன மீற்றர் 130 கிராம் தாங்கும். எனவே 16 பாகையில் 90 சதவீத சாரீரப்பதனோடு, கையை நீட்டினால் ஈரம் படியும் நிலையில் இருக்கும் பனிக்காற்றைப் பிடித்து, அதில் ஒரு துளி நீரையும் நீக்காமல் 30 பாகைக்குச் சூடாக்கினால் அதன் சாரீரப்பதன் 40 சதவீதத்துக்குக் கீழே இறங்குகிறது. 60 பாகைக்குச் சூடாக்கினால் 8 சதவீதம் அளவுக்கு வந்துவிடுகிறது. பாலைவனக் காற்றுக்கு இருக்கும் வறட்சி அது. குளிரான மலைக்காற்று சாரீரப்பதனில் உயர்ந்ததே தவிர, உண்மையில் சுமந்திருக்கும் நீர் குறைவு. ஆகவே "மலையில் ஈரம் அதிகம், இங்கே எதுவும் காயாது" என்ற பேச்சு, காற்றைச் சூடாக்காதவரைதான் சரி.

வெயிலை மட்டும் நம்புகிறவர்களுக்கு நிலைமை வேறு. பழங்களை வெயிலில் உலர்த்த 30 பாகைக்குக் குறையாத வெப்பமும் 60 சதவீதத்துக்குக் குறைந்த சாரீரப்பதனும் வேண்டும் என்பது பொதுவான வழிகாட்டல். ஹட்டனிலும் நுவரெலியாவிலும் இவை இரண்டும் சேர்ந்து அமைவது அரிது. தென்மேல் பருவக்காற்று மே முதல் செப்டெம்பர் வரை மேற்குச் சரிவுகளை நனைத்துக்கொண்டிருக்கும். அதே காற்று மலையைக் கடந்து ஊவாப் பக்கம் இறங்கும்போது ஈரத்தை இழந்து, கச்சான் காற்றாக வறண்டு வீசும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பண்டாரவளையிலும் வெலிமடையிலும் கூழ் காயும் நாளில் ஹட்டனில் துணிகூடக் காயாது என்பதற்கு இதுவே காரணம். ஊவாத் தேயிலையின் மணம் உச்சத்துக்கு வரும் பருவமும் இந்த வறண்ட காற்றின் பருவமும் ஒன்றே. மேற்குச் சரிவுகளுக்கு அத்தகைய உலர்ந்த நாட்கள் ஜனவரி முதல் மார்ச் வரை கிடைக்கின்றன; அப்போதும் மாலை நான்கு மணிக்கு இறங்கும் பனி, பகலில் போன ஈரத்தில் ஒரு பங்கைத் தட்டுக்குத் திருப்பிக் கொடுத்துவிடும். தட்டை வெயில் சாய்வதற்கு முன்பே உள்ளே எடுப்பது அதற்காகத்தான்.

சூரிய உலர்த்திப் பெட்டி செய்பவர்கள் அடிக்கடி செய்யும் ஒரு காரியத்தையும் இங்கே சொல்ல வேண்டும். சூடு வெளியேறக் கூடாதென்று மேல்துளையை அடைத்துவிடுகிறார்கள். நடைமுறையில் ஒரு கன மீற்றர் காற்று ஒரு சில கிராம் நீரையே ஏற்றிச் செல்லும். 800 கிராமை வெளியேற்ற நூறு கன மீற்றருக்கு மேற்பட்ட காற்று அந்தப் பெட்டி வழியே கடந்து போக வேண்டும். துளையை அடைத்தால் உள்ளே பொலித்தீனில் துளித்துளியாக நீர் கோத்து நிற்கும். அது கூழிலிருந்து கிளம்பிப் போக வழியில்லாமல் நின்ற நீர்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: நீரை எடுத்துச் செல்வது நகரும் காற்று, சூடாக்கினால் பனிக்காற்றும் வறண்ட காற்றாகிவிடும், ஆனால் அது உள்ளே வந்து வெளியே போக வேண்டும்.

இருந்தும் கிடைக்காத நீர்

இனி கட்டுரையின் நடுப்பகுதிக்கு வரலாம். தேனில் ஏறத்தாழ 18 சதவீதம் நீர் இருக்கிறது. அதை ஒரு போத்தலில் ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கலாம். நெல்லில் அதே 18 சதவீதம் ஈரம் இருந்தால் மூட்டைக்குள் சூடேறிப் பூஞ்சணம் பிடித்துவிடும். 14 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவந்தால்தான் களஞ்சியத்தில் வைக்க முடியும். நீரின் அளவு ஒன்றே. ஆனால் ஒன்று கெடுகிறது, மற்றது கெடுவதில்லை. ஆகவே எவ்வளவு நீர் இருக்கிறது என்பது மட்டும் விடயமாக இருக்க முடியாது.

தேனில் உள்ள நீர் மூலக்கூறுகளைச் சீனி மூலக்கூறுகள் சூழ்ந்து பிடித்துவைத்திருக்கின்றன. பூஞ்சணத்தின் நுண்வித்து ஒன்று அங்கே விழுந்தால் அதற்கு உறிஞ்ச நீர் கிடைப்பதில்லை. மாறாக அதன் உடலில் உள்ள நீரைத் தேன் இழுத்துக்கொள்கிறது. நெல்லின் மாப்பொருளுக்கு அந்த அளவு பிடிப்பு இல்லை. ஒரு உணவில் உள்ள நீர் எவ்வளவு தூரம் கட்டின்றி இருக்கிறது என்பதை 0 முதல் 1 வரையான ஓர் எண்ணால் குறிக்கிறார்கள். அதற்கு நீர்ச் செயற்பாடு என்று பெயர். தூய நீருக்கு அது 1. அளக்கும் முறையும் எளிதாகப் புரியக்கூடியது: உணவை ஒரு சிறிய மூடிய அறையில் வைத்து, உள்ளிருக்கும் காற்றின் சாரீரப்பதன் எந்த இடத்தில் நிலைகொள்கிறது என்று பார்க்கிறார்கள். அது 60 சதவீதத்தில் நின்றால் அந்த உணவின் நீர்ச் செயற்பாடு 0.60.

புதுப் பழத்தில் இந்த எண் 0.97க்கு மேல். கெடுதல் விளைவிக்கும் பெரும்பாலான பக்டீரியாக்கள் 0.91க்குக் கீழே பெருகுவதில்லை. சாதாரண ஈஸ்டுகள் 0.88 அளவில் நின்றுவிடுகின்றன. பெரும்பாலான பூஞ்சணங்களுக்கு 0.80 எல்லை; அதையும் தாண்டி வறட்சியைப் பொறுக்கும் சில இனங்கள் 0.65 வரை தாக்குப்பிடிக்கும். 0.60க்குக் கீழே எந்த நுண்ணுயிரும் பெருகுவதில்லை. பழத்தகடு செய்பவர் அடைய வேண்டிய இடம் இந்த 0.60 அல்லது அதற்குச் சற்றுக் கீழே. பழத்துக்குப் பழம் மாறினாலும், ஈரம் 12 முதல் 18 சதவீதம் வரை வரும்போது இந்த எல்லை எட்டப்படுகிறது.

சீனியின் வேலை இங்கேதான் தெரிகிறது. இனிப்புக்காகச் சேர்ப்பது என்று பலர் நினைக்கிறார்கள். சேர்த்த சீனியும் பழத்திலேயே இருக்கும் சீனியும் நீரைப் பிடித்துவைப்பதால், தகட்டை எலும்பாகக் காய வைக்காமலே, கடித்தால் மெல்லக்கூடிய பதத்தில், பாதுகாப்பான எல்லைக்குக் கொண்டுவர முடிகிறது. அமிலமும் துணை செய்கிறது: பப்பாசி போன்ற புளிப்புக் குறைந்த பழங்களுக்குத் தேசிக்காய்ச் சாறு சேர்ப்பது, நீர் இன்னும் கட்டுப்படாத முதல் சில மணி நேரங்களில் பக்டீரியாக்களை அடக்கி வைப்பதற்கும் ஆகும்.

கூழ் ஏன் தூளாகாமல் தாளாகிறது

கிழங்கு மாவைக் கரைத்துச் சமைக்காமல் காய வைத்தால் வெடித்துத் தூளாகிறது. மாம்பழக் கூழ் தாளாக ஒன்றிப்போகிறது. வித்தியாசம் பெரும்பாலும் பெக்டினால் வருகிறது. பெக்டின் என்பது பழத்தின் கலங்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருக்கும், நீண்ட சங்கிலி வடிவமான ஒரு பொருள். ஜாம் உறைவதும் இதனால்தான். கூழில் நீர் நிறைய இருக்கும்போது இந்தச் சங்கிலிகள் தனித்தனியே மிதக்கின்றன. அவற்றின் மேல் உள்ள ஒரே வகை மின்னேற்றம் ஒன்றையொன்று தள்ளிவைக்கிறது. அமிலம் அந்தத் தள்ளுதலைத் தணிக்கிறது, சீனி இடையிலிருக்கும் நீரைத் தன்பக்கம் இழுத்துக்கொள்கிறது, உலர்த்துவதால் சங்கிலிகள் நெருங்கிவந்து பின்னிக்கொள்கின்றன. அந்தப் பின்னலே தாள்.

பின்னல் அளவுக்கு மீறி இறுகினால் தகடு முறியும். சங்கிலிகளுக்கு இடையே எஞ்சிய நீரும் சீனியும் அகப்பட்டு, ஒன்றின் மேலொன்று வழுக்க இடம் கொடுப்பதால்தான் அது வளைகிறது. இப்படி வளையவிடும் பொருளுக்கு நெகிழ்வூட்டி என்று பெயர். ஒரு நாள் கூடுதலாகக் காய்ந்த தகடு கண்ணாடிபோல் உடைவது நீர் என்ற நெகிழ்வூட்டி தீர்ந்துபோனதால்தான். கரும்புச் சீனி மட்டும் அதிகமாகச் சேர்த்தால் நாட்பட நாட்பட அது பளிங்காகி நறநறக்கும். ஒரு பங்கைத் தேனாகவோ குளுக்கோசுப் பாகாகவோ மாற்றினால் பளிங்காவது தடைப்படும்.

இதை வைத்து நம் பழங்களைப் பார்த்தால் எது ஏன் சரிவரவில்லை என்பது விளங்கும். கொய்யாவில் பெக்டினும் உண்டு, ஓரளவு புளிப்பும் உண்டு. தனியே நின்று தாளாகக்கூடியது, ஆனால் விதையையும் மணல்போன்ற கரகரப்பையும் அரிதட்டில் தேய்த்து நீக்காவிட்டால் நாக்கு ஒத்துக்கொள்ளாது. கொடித்தோடைச் சாறு மணத்திலும் புளிப்பிலும் நிகரற்றது. ஆனால் சாற்றில் சதைப்பற்று இல்லை. அதைத் தனியே ஊற்றினால் தட்டில் ஒட்டிய பிசினாகத்தான் முடியும். கொய்யாக் கூழுக்குப் புளிப்பும் வாசமும் கொடுக்க அதைக் கலப்பதே என் பார்வையில் மலைநாட்டுக்குப் பொருந்திய சேர்க்கை. ஒன்றில் குறைவதை மற்றது நிரப்புகிறது. அன்னாசியிலும் பெக்டின் குறைவு, நார் அதிகம். அதற்கும் வாழைப்பழமோ பப்பாசியோ துணை வேண்டும். வாழைப்பழம் நன்றாகத் தகடாகும், ஆனால் கறுக்கும். கண்டியிலும் பதுளையிலும் மலிந்து கிடக்கும் பட்டர் ஃப்ரூட்டைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். அதில் இருப்பது சீனிக்குப் பதிலாக எண்ணெய். எண்ணெய் நீரைக் கட்டிப்போடாது, தாளாகப் பின்னாது. சூடுபட்டால் கசக்கும், வைத்திருந்தால் காறல் வாடை அடிக்கும். அதை விட்டுவிடுவது நல்லது.

சுருங்கச் சொன்னால், பெக்டின் தாளைப் பின்னுகிறது, அமிலம் அதற்கு வழிவிடுகிறது, சீனி அதை வளைய வைக்கிறது. அதே சீனிதான் நீரையும் பிடித்துவைக்கிறது.

அவசரப்பட்டால் ஏன் நேரம் கூடுகிறது

"80 பாகையில் வைத்தால் இரண்டு மணி நேரத்தில் முடியும்" என்ற அறிவுரை பரவலாக உலவுகிறது. கூழ் காய்வதில் இரண்டு கட்டங்கள் உண்டு. முதற்கட்டத்தில் மேற்பரப்பு எப்போதும் ஈரமாக இருக்கிறது. காற்று எவ்வளவு எடுக்கிறதோ அவ்வளவு நீர் கீழிருந்து வந்து சேர்கிறது. ஆவியாகும் நீர் சூட்டை உறிஞ்சுவதால், சுற்றியுள்ள காற்று 60 பாகையாக இருந்தாலும் கூழ் அதைவிட மிகக் குளிர்ந்தே இருக்கும். இரண்டாம் கட்டத்தில் மேற்பரப்பு உலரத் தொடங்குகிறது. இப்போது வேகத்தைத் தீர்மானிப்பது காற்று இல்லை. உள்ளே இருக்கும் நீர், இறுகிவரும் பின்னலுக்குள் ஊடுருவி மேலே வர எடுக்கும் நேரம். இந்த ஊடுருவலுக்கு விரவுதல் என்று பெயர்.

முதற்கட்டத்திலேயே கடுஞ்சூடு கொடுத்தால் மேற்பரப்பு தோல்கட்டிவிடும். அந்தத் தோல் பெக்டினும் சீனியும் இறுகிய அடர்ந்த படை. உள்ளிருக்கும் நீருக்கு அது கதவடைப்பு. டிரையரில் சூட்டை மிகைப்படுத்தினால் தேயிலையின் வெளிப்புறம் இறுகி, உள்ளே ஈரம் தங்கி, பெட்டியில் இருக்கும்போதே கெட்டுப்போவதும் இதே கோளாறுதான். பழத்தகட்டில் அதன் அடையாளம்: மேலே தொட்டால் காய்ந்திருக்கும், உரித்துப் பின்புறத்தைப் பார்த்தால் ஜாம்போல் மினுங்கும். 55 முதல் 60 பாகை வரை, நல்ல காற்றோட்டத்தோடு, ஆறு முதல் பத்து மணி நேரம் அல்லது அதற்கும் கூடுதலாக என்பதே நிதானமான வழி.

தடிப்பின் விளைவு பலர் எதிர்பார்ப்பதைவிடக் கடுமையானது. விரவுதலுக்கு ஆகும் நேரம் தடிப்பின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. 3 மில்லிமீற்றரை 6 மில்லிமீற்றராக்கினால் இரண்டாம் கட்டத்தின் நேரம் இரண்டு மடங்காகாது. ஏறத்தாழ நான்கு மடங்காகும். இரண்டு தட்டு வேலையை ஒரே தட்டில் முடிக்க நினைப்பவர் நேரத்தையும் மின்சாரத்தையும் இழக்கிறார். மின்சாரத்தைப் பற்றிச் சொன்னால், அந்த 800 கிராம் நீரை ஆவியாக்கவே அடிப்படையில் அரை யூனிட்டுக்குச் சற்றுக் கூடுதலாக வேண்டும். வெளியேறும் சூடான காற்றோடு வீணாவதையும் சேர்த்தால் அது பல மடங்காகும். பினாட்டுச் செய்பவர்கள் ஒரேயடியாகத் தடிப்பாக ஊற்றாமல், காய்ந்த படையின் மேல் மெல்லியதாக அடுத்ததை ஊற்றுவதில் இந்தக் கணக்கு முழுவதும் அடங்கியிருக்கிறது.

பரப்புவதற்கு முன் கூழை 80 பாகைக்கு மேல் சில நிமிடம் சூடாக்குவது தவறவிடக் கூடாத வேலை. பழத்தோடு வந்த ஈஸ்டுகளும் நோய்க்கிருமிகளும் அதில் அழியும். பழத்தைக் கறுக்கச் செய்யும் நொதிகளும் செயலிழக்கும். நுவரெலியாவின் உயரத்தில் நீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும், ஆனாலும் இந்தத் தேவைக்கு அது தாராளம்.

காய்ந்துவிட்டதா என்று பார்ப்பது

ஓரம் எப்போதும் முந்திக்கொள்ளும். ஆகவே கூழைப் பரப்பும்போதே ஓரத்தைச் சற்றுத் தடிப்பாகவும் நடுவைச் சற்று மெல்லியதாகவும் விடுவது வழக்கம். தட்டின் நடுவில் விரலை அழுத்தி எடுத்தால் தடம் பதியக் கூடாது. விரலில் நிறமும் ஒட்டக் கூடாது. பின்பு ஒரு மூலையைக் கிள்ளி மெதுவாக இழுத்தால், எண்ணெய் தடவிய தட்டிலிருந்தோ தாளிலிருந்தோ தகடு முழுதாக உரிந்து வர வேண்டும். அதைச் சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நன்றாகக் காய்ந்த கொய்யாத் தகடு முழுவதும் ஒரே சீரான மங்கல் ஒளியை விடும். ஈரம் தங்கிய இடங்கள் அடர்ந்த நிறத்தில் திட்டுத்திட்டாகத் தெரியும். சூடாக இருக்கும்போது எல்லாத் தகடும் இளகியே இருக்கும் என்பதால், ஆறவைத்த பிறகுதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

தராசு இருந்தால் இவை எல்லாவற்றையும்விட நம்பகமான முறை அதுவே. ஊற்றிய கூழின் நிறையும் தட்டின் நிறையும் தெரிந்தால், ஒரு கிலோ மாம்பழக் கூழ் 195 கிராமை நெருங்கும்போது வேலை முடிந்தது என்று அறியலாம். நிறுத்துப் பார்ப்பவர்கள் குறைவு என்பது எனக்கு எப்போதும் வியப்பு.

பொதியிடுதல் பாதி வேலை

நீர்ச் செயற்பாடும் சாரீரப்பதனும் ஒரே அளவுகோலின் இரு முகங்கள் என்பதை இங்கே நினைவுகொள்ள வேண்டும். 0.60இல் நிற்கும் தகட்டை 85 சதவீத ஈரப்பதனுள்ள அறையில் திறந்து வைத்தால், அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து 0.85ஐ நோக்கி ஏறத் தொடங்கும். பூஞ்சணத்துக்கு அது திறந்த வாசல். நன்றாகக் காய்ந்த தகடுகளும் மலையகத்தில் கெட்டுப்போவதற்குப் பெரும்பாலான நேரங்களில் காரணம் உலர்த்திய விதம் இல்லை, இரவு மேசையில் விட்டுவைத்ததுதான்.

முழுதாக ஆறிய தகடுகளை, ஒட்டாதிருக்க இடையே எண்ணெய்த்தாள் வைத்துச் சுருட்டி, இறுக்கமான மூடியுள்ள போத்தலில் நான்கைந்து நாட்கள் வைத்துக் கவனிக்கலாம். அதற்குள் கூடுதலாக ஈரமுள்ள இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு ஈரம் பரவிச் சமப்படும். போத்தலின் உட்சுவரில் மெல்லிய ஆவி படிந்தால் மீண்டும் தட்டுக்குப் போக வேண்டியதுதான். விற்பனைக்கென்றால் சாதாரண மெல்லிய பொலித்தீன் பை போதாது. அதன் வழியே நீராவி மெதுவாக நுழைந்துகொண்டேயிருக்கும். அலுமினியத் தாள் ஒட்டிய உறைகள் விலை கூடுதலானாலும் இந்தக் காலநிலைக்கு அவையே பொருந்தும். சூடு ஆறுமுன் அடைத்தால் எந்த உறையும் பயன்தராது, ஆவி உள்ளேயே துளியாகிவிடும்.

நிறம், மருந்து, "சீனி சேர்க்காதது"

நிறம் மங்குவதற்குப் பாதிக் காரணம் நொதி, பாதிக் காரணம் சூட்டில் சீனியும் புரதமும் சேர்ந்து பழுப்பாவது. முன்கூட்டிய சூடாக்கலும் அமிலமும் குறைந்த உலர்த்தல் வெப்பமும் இரண்டையும் தணிக்கும். மருந்து என்று சொல்லப்படுவது பெரும்பாலும் மெட்டாபைசல்பைற்று உப்பு. நிறத்தைக் காக்கும், பூஞ்சணத்தைத் தடுக்கும். ஆனால் ஆஸ்துமா உள்ள சிலருக்கு ஒவ்வாது, அளவு விதிகளுக்கு உட்பட்டது. 0.60ஐ எட்டிய தகட்டுக்கு அது தேவையும் இல்லை.

உறையில் "சீனி சேர்க்கவில்லை" என்று எழுதியிருப்பதைச் சீனியே இல்லை என்று படிப்பவர்கள் உண்டு. எதுவும் சேர்க்காத மாம்பழத் தகட்டில் எடைக்குப் பத்தில் ஏழு பங்கு பழத்தின் சொந்தச் சீனிதான். ஒரு கிலோ சதையில் பரந்திருந்தது 195 கிராமில் ஒடுங்கிவிட்டது. நீரிழிவு உள்ளவர்களுக்கு இதை உடல்நல உணவென்று விற்பது நியாயமாகாது.

தகடு வேறு, படலம் வேறு

அண்மைக் காலமாகப் பழத்தகட்டையும் "உண்ணக்கூடிய பொதி"யையும் ஒன்றாக்கிப் பேசுகிறார்கள். இரண்டும் பெக்டினின் பின்னலால் உருவானவை என்ற அளவில் உறவினர்கள். தகடு உண்பதற்கே செய்யப்படுவது. ஒரு மில்லிமீற்றர் அளவில் இருக்கும், மெல்ல வேண்டியிருக்கும். உண்ணத்தக்க படலம் என்பது பொதுவாக கால் மில்லிமீற்றருக்கும் மெல்லியது. இன்னொரு உணவைச் சுற்றவோ பூசவோ செய்யப்படுவது. அதற்குக் கூழை நுண்ணிதாக வடித்து, தேவைப்பட்டால் கூடுதல் பெக்டினும் கிளிசரோல் போன்ற நெகிழ்வூட்டியும் சேர்த்து, வழுவழுப்பான பரப்பில் மெல்லிய ஏடாக வார்க்கிறார்கள். 1990களில் கலிபோர்னியாவில் அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் ஆய்வாளர்களும் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து, பழக்கூழிலிருந்தே இத்தகைய படலங்களை வார்த்து அளந்தார்கள். அவை ஒட்சிசனை நன்றாகத் தடுத்தன. ஆகவே வெட்டிய பழம் கறுப்பதையோ பருப்பு வகைகள் காறல் அடிப்பதையோ தாமதப்படுத்த உதவக்கூடியவை. நீராவியை அவை தடுத்தது மிகக் குறைவு; சீனியும் பெக்டினும் நீரை விரும்பும் பொருட்கள் என்பதால் வேறுவிதமாக இருக்கவும் முடியாது. பொலித்தீனுக்கு மாற்றாக இதை முன்வைப்பவர்கள் இந்த ஒரு பண்பைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். வறண்ட நாட்டில் அது சமாளிக்கக்கூடிய குறை. ஹட்டனிலோ தலவாக்கலையிலோ பழப்படலத்தில் சுற்றிய பண்டத்தை விற்க விரும்புபவர், அந்தப் படலத்துக்கு மேல் ஈரம் புகாத இன்னொரு உறையையும் போட்டாக வேண்டும்.